வெங்காயத் தராசில் முப்பது கூடைப்பந்து அணிகள்

சுன்னாகம்,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

அன்பும் மரியாதையும் மிக்க அண்ணைக்கு, தங்கை சிவகௌரி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் உடம்பளவில் சுகம். அங்கே உங்கள் பிரஷரும், அண்ணியின் முதுகுவலியும், பிள்ளைகளின் படிப்பும் நல்லபடி இருக்க எங்கள் வளவுப் பிள்ளையாரை வேண்டுகிறேன். தை மாதம் நீங்கள் அனுப்பிய உடுப்புப் பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. நன்றி எழுதப் பிந்திவிட்டது. எவ்வளவு பிந்தியதென்றால், அந்த நீளக் காற்சட்டை இப்போது உங்கள் மருமகன் யதுசனுக்கு முழங்காலோடு நிற்கிறது.

இந்தக் காலத்தில் ஏன் இவள் பேனை எடுத்து, முத்திரை வாங்கி, விமானத் தபாலில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். என்னுடைய போன் என்னிடம் இல்லை. காலை ஆறு மணியிலிருந்து பதினொன்றரை மட்டும் அது என் மாமனாரின் கையில் இருக்கிறது. நீங்கள் அனுப்புகிற ஒவ்வொரு மெசேஜையும் அவர்தான் திறக்கிறார். அதற்குப் பிறகு என்னிடம் வருகிறபோது அதில் சார்ஜ் இருப்பதில்லை. நான் உங்களுக்கு ஏதாவது எழுதினாலும் அடுத்தநாள் விடிய அவர் அதை வாசித்து, "இதென்ன பிள்ளை, இதிலை ஸ்கோர் ஒண்டையும் காணேல்லை" என்று கேட்பார். ஆகவே இது இரகசியக் கடிதம். வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கோ. விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன்: யதுசனுக்கு இரண்டு வயதும் ஒரு மாதமும் ஆகிவிட்டது, இன்னும் ஒரு சொல் கதைக்கவில்லை. அதற்குக் காரணம் அமெரிக்கக் கூடைப்பந்து. அதற்குக் காரணம் நீங்கள்.

மார்கழி லீவில் வந்து நின்றபோது ஒருநாள் காலமை முன்விறாந்தையில் இருந்து போனில் மட்ச் பார்த்தீர்கள், ஞாபகமோ? மாமா தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தார். சுன்னாகம் சந்தையில் முப்பத்தொரு வருடம் வெங்காயம் நிறுத்த மனிதர். இளைப்பாறிய பிறகு நிறுக்க ஒன்றும் இல்லாமல் சும்மா இருந்தவர். "தம்பி, உதிலை ஆர் முதல்?" என்று கேட்டார். நீங்கள் முப்பது அணிகளின் பட்டியலைக் காட்டி, இவ்வளவு வெற்றி, இவ்வளவு தோல்வி, ஆகவே இவர்கள் முதல் என்றீர்கள். "அப்ப ஒரு புள்ளியாலை வெண்டாலும் ஒண்டு, நாப்பது புள்ளியாலை வெண்டாலும் ஒண்டோ?" என்று கேட்டார். நீங்கள் ஓம் என்றீர்கள். "இதென்ன தம்பி மூட்டை எண்ணுற வேலை! ஒரு மூட்டையிலை அறுபது கிலோ இருக்கும், இன்னொண்டிலை நாப்பது இருக்கும். எண்ணி வெங்காயம் வாங்கினவன் ஆரும் இருக்கிறானே? நிறுக்கவேணும்!" நீங்கள் சிரித்துவிட்டு, அப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது மாமா, வெற்றியைப் பார்க்காமல் எத்தனை புள்ளி வித்தியாசம் என்று பார்த்து அணிகளை மதிப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், நான் ஒவ்வொருநாளும் ஸ்கோரை அனுப்பிவிடுகிறேன், நீங்களே நிறுத்துப் பாருங்கோ என்றீர்கள். பிறகு நீங்கள் பிளேன் ஏறிவிட்டீர்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.

முதல் இரண்டு கிழமை ஒரு தொந்தரவும் இல்லை. போட்ட புள்ளியில் விட்ட புள்ளியைக் கழித்து, ஆட்டங்களின் எண்ணிக்கையால் பிரித்து, கொப்பியில் எழுதிக்கொண்டு சந்தோசமாக இருந்தார். பிழை விட்டது நான். "பிள்ளை, நீர் கம்பசிலை உதுதானே படிச்சனீர், சரியோ எண்டு பாரும்" என்று கொப்பியை நீட்டினார். நானும் புள்ளிவிபரவியல் படித்தவள் என்ற கர்வத்தில், மாமா, ஒரு அணி பத்துப் புள்ளியால் வென்றதென்றால் ஆரை வென்றது என்றும் பார்க்கவேண்டும், நோஞ்சானைப் பத்தால் வெல்வதும் பலசாலியைப் பத்தால் வெல்வதும் ஒன்றல்ல, ஆகவே எதிரணிகளின் மதிப்பையும் சராசரி எடுத்துக் கூட்டவேண்டும் என்றேன். "எதிரணியின்ரை மதிப்பு எங்காலை வரும்?" "அவையின்ரை எதிரணியளைப் பார்த்து, மாமா." "அவையின்ரை?" "அவையின்ரை எதிரணியளைப் பார்த்து." மாமா பேனையைக் காதில் செருகினார். "அப்ப முப்பது பேரும் ஆளையாள் நிறுக்கிறாங்கள். படிக்கல்லே இல்லாத தராசு." பிறகு, "இது முடியாமல் சுத்திக்கொண்டெல்லே இருக்கும்?" என்றார். நான் சொன்னேன், "இல்லை மாமா, கன தரம் திருப்பித் திருப்பிச் செய்தால் எண்கள் அசையாமல் நிண்டிடும்." அண்ணை, அந்த ஒரு வசனத்தைத் திரும்பப் பெறலாம் என்றால் என் பட்டத்தை இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

லப்டொப்பில் தட்டினால் ஒரு நிமிட வேலை. ஆனால் மாமா மின்சாரத் தராசையே நம்பாதவர். பேனையும் கொப்பியும்தான். முப்பது அணி, ஒவ்வொன்றுக்கும் இதுவரை ஆடிய ஆட்டங்கள், ஒவ்வொரு சுற்றிலும் எல்லாவற்றையும் திரும்பக் கூட்டவேண்டும். இப்போது பதினொரு கொப்பி முடிந்துவிட்டது. நான் சத்தமாக எண்களை வாசிக்கவேண்டும், அவர் சத்தமாகக் கூட்டுவார், நான் "பிழை மாமா" என்பேன், அவர் "எங்கை பிழை?" என்பார், மேசைக்குக் கீழே யதுசன் தன் கார்களை வரிசையில் வைத்துக்கொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் இருப்பான். பதினைந்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தை மாமா கணக்கில் எடுக்கமாட்டார். "ஆட்டம் முடிஞ்ச பிறகு வாங்கிலை சும்மா குந்தியிருந்த பெடியளை இறக்கிச் சேர்த்த புள்ளி பிள்ளை அது. அது வெங்காயத்தின்ரை பாரமில்லை, ஈரம். காயவிட்டால் போயிடும். கழிவு போடும்." பெரிய பெரிய கணக்கர்களும் இதையே வேறு பெயரில் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காமல் விட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இதோடு வீட்டுக்குள் இருந்திருந்தால் பரவாயில்லை. அந்த அமெரிக்கப் பெயர்கள் மாமாவுக்கு வாயில் நுழையவில்லை. ஆகவே சட்டையின் நிறத்தைப் பார்த்து அணிகளுக்கு எங்கள் ஊர்களின் பெயரை வைத்தார். சிவப்புச் சட்டைக்காரர் சுன்னாகம், நீலம் காங்கேசன்துறை, பச்சை கோப்பாய், இப்படி முப்பது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டியலை மட்டையில் எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டத் தொடங்கினார். தலைப்பு ஒன்றும் போடவில்லை. மேலே சுன்னாகம், சக ஆறு, அதாவது பிளஸ் ஆறு. கடைசியில் கோப்பாய், சய ஒன்பது. மூன்றாவது கிழமை கோப்பாயிலிருந்து நாலுபேர் இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ஒருவரின் கையில் பைல்.

"ஐயா, எங்கடை ஊருக்கு மைனஸ் ஒன்பது போட்டது எந்தத் திணைக்களம்?"

"திணைக்களம் இல்லைத் தம்பி, நான்தான்" என்றார் மாமா.

"என்னத்தைப் பார்த்துப் போட்டனீங்கள்? ரோட்டையோ? கிணத்துத் தண்ணியையோ?"

"எல்லாத்தையும் பார்த்துத்தான். உங்களுக்குப் போடத் தெரியுது, மறிக்கத் தெரியேல்லை. ஆர் வந்தாலும் உள்ளுக்கை விட்டிடுறியள்."

பைல்காரர் அதை எழுதிக்கொண்டார். "அது உண்மைதான் ஐயா" என்றார் மெதுவாக. நான் ஓடிப்போய் இது பந்து விளையாட்டு என்று விளங்கப்படுத்துவதற்குள், இனிச் சரியாக மறிப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு பச்சைச் சட்டைக்காரர் தற்செயலாக இரண்டு ஆட்டம் வென்று சய ஏழுக்கு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை கோப்பாயிலிருந்து கப்பல் இன வாழைக்குலை ஒன்று வந்தது. மாமா அதையும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்தார்.

அடுத்தது நீக்கிலாப்பிள்ளை. குருநகரில் முந்தி வள்ளம் வைத்திருந்தவர், மாமாவின் பழைய சிநேகிதர். ஞாயிறுதோறும் பூசை முடிய பஸ் ஏறி வந்துவிடுகிறார். அவர் வெற்றி தோல்விக் கட்சி. "எடே சண்முகம், வள்ளம் கரைக்கு வந்தால் வந்ததுதான். எத்தினை முழம் முந்தி வந்தது எண்டு ஆராவது அளக்கிறானோ? கடைசியிலை கோப்பையை ஆருக்குக் குடுக்கிறாங்கள், வெண்டவனுக்கோ பாரமானவனுக்கோ?" மாமா சொல்வார், "குடுக்கிறவனுக்குத் தராசு தெரியாது." இந்த வழக்கைத் தீர்க்க இரண்டுபேரும் ஒரு போட்டி வைத்தார்கள். வருகிற கிழமை ஆட்டங்களில் ஆர் வெல்வார் என்று மாமா தன் பட்டியலைப் பார்த்தும், அவர் வெற்றிப் பட்டியலைப் பார்த்தும் முன்கூட்டியே எழுதி என்னிடம் தந்தார்கள். நாற்பத்தெட்டு ஆட்டம். மாமாவுக்கு முப்பத்தொன்று சரி, நீக்கிலாப்பிள்ளைக்கு இருபத்தொன்பது. மாமா கொப்பியைத் தூக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றி நடந்தார். நீக்கிலாப்பிள்ளை அசையவே இல்லை. "ரெண்டாலைதானே வெண்டனீ? உன்ரை கணக்குப்படி அது பெரிய வெற்றி இல்லையே!" மாமா அன்றைக்குப் பின்னேரம் முழுக்க அந்த நாற்பத்தெட்டையும் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். அண்ணை, கணக்கு மாமாவின் பக்கம்தான். நான் படித்தவள், எனக்குத் தெரியும்.

போன மாதம் இது மாமியின் சமையலுக்கும் வந்தது. "இண்டைக்கு இரசம் நல்லம், ஆனால் நேற்றையதை ஒரு புள்ளியாலைதான் வெண்டது" என்றார் மாமா. மாமி அகப்பையைக் கீழே வைத்தார். "அப்ப சொல்லுங்கோ பாப்பம், நாப்பது வருசமாய் இந்த வீட்டிலை நடந்த சண்டையளிலை ஆர் வெண்டது, நீங்களோ நானோ?" மாமா யோசித்தார். அவர் யோசித்திருக்கவே கூடாது. "குணலட்சுமி, நீர் வெண்டது கனக்க. நான் வெண்டது ரெண்டே ரெண்டு. ஆனால் அந்த ரெண்டும் பெரிய வித்தியாசத்திலை. நிறுத்துப் பார்த்தால் நான் கொஞ்சம் மேலை நிப்பன்." மாமி கேட்டார், "எந்த ரெண்டு?" மாமாவுக்கு ஞாபகம் வரவில்லை. அன்றையிலிருந்து மாமி அவரோடு நேரே கதைப்பதில்லை. எது சொல்வதென்றாலும் பிள்ளை மூலமாகத்தான். "தம்பி, உன்ரை அப்பப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." பிள்ளை பேசாமல் நிற்கிறான். மாமி தான் சொல்லிவிட்டதாக நினைக்கிறார், மாமா தனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று இருக்கிறார், சோறு ஆறுகிறது.

இப்போது கிளினிக்குக்கு வருகிறேன். அண்ணை, இதுவரை எழுதியது பகிடி, இது பகிடி இல்லை. நிறை பார்க்கிற நாள் என்று கேள்விப்பட்டு மாமாவும் கூட வந்துவிட்டார். பிள்ளையைத் தட்டில் வைக்கமுதலே, "இது பூச்சியத்திலை நிக்கேல்லை, மிஸ்ஸி" என்றார். மிட்வைஃப் ஸ்ரெல்லா மிஸ்ஸி பொறுமைசாலி. தராசைச் சரிசெய்தார், நிறுத்தார், எழுதினார், பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு வயது முடிஞ்சுது. ரெண்டு சொல்லைச் சேர்த்துக் கதைக்கவேணும். அம்மா வா, பால் தா, உப்பிடி ஏதும் சொல்லுறாரோ?" என்று கேட்டார். ஒரு சொல்கூட இல்லை என்றேன். "வினோஜாவின்ரை மகள் இவரிலும் ரெண்டு மாதம் இளசு, அம்பது சொல்லுச் சொல்லுறா" என்றார். வினோஜா எங்கள் பக்கத்து வீடு. உடனே மாமா எழும்பினார்.

"மிஸ்ஸி, நீங்கள் எண்ணுறியள். எண்ணக்கூடாது. அந்தப் பிள்ளை ஆரோடை கதைக்குது? அவையின்ரை வீட்டுக் கிளியோடை. எதிராளி ஆர் எண்டு பாக்கவேணும். எங்கடை பெடியன் அப்பிடிச் சின்ன ஆக்களோடை இறங்கான்."

"ஐயா, உங்களை நான் ஒண்டும் கேக்கேல்லை. பிள்ளை, வீட்டிலை மகனோடை ஆர் கதைக்கிறது?"

நான் நினைத்துப் பார்த்தேன். உங்கள் மச்சான் கோகுலன் விடிய காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரந்தான் வருகிறார். மாமா எண்களோடு கதைக்கிறார். மாமி மாமாவோடு கதைப்பதற்காகப் பிள்ளையோடு கதைக்கிறார். நான் நூற்றிப் பதினாலு, நூற்றியாறு, வித்தியாசம் எட்டு என்று வாசிக்கிறேன். பிள்ளையோடு ஒருவரும் கதைக்கவில்லை, அண்ணை. அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். வரிசையில் நின்ற தாய்மார் எல்லோரும் பார்த்தார்கள். மிஸ்ஸி என் தோளில் கைவைத்து, "பயப்பிடாதையும். வீட்டைச் சத்தமில்லாமல் வைச்சிரும், மெதுவாய்க் கதையும், உந்த இலக்கம் வாசிக்கிறதை நிப்பாட்டும். ரெண்டு மாதம் பாப்பம். பிறகும் இல்லையெண்டால் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தாறன்" என்றார். அதில் ஒரு மாதம் போய்விட்டது. இரவில் போனைச் சார்ஜில் போட்டுத் தேடித் தேடி வாசித்ததில் எனக்குத் தெரியாத நோய் வருத்தம் இல்லை. குளிக்க வார்க்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஏதோ சொல்ல வருகிறான் என்று நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் ஆறிவிடுகிறது.

மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நீர் சொல்லுறது சரி பிள்ளை, இந்த ஒரு சுத்து முடியட்டும்" என்கிறார். அது முடிகிற சுற்று இல்லை, ஒவ்வொருநாள் விடியவும் புது ஸ்கோர் வருகிறது. அவர் கெட்டவரும் இல்லை. கிளினிக்கிலிருந்து வந்த அன்று எனக்குத் தெரியாமல் யதுசனைத் தூக்கி மடியில் வைத்து, "அப்பு, ஒண்டு சொல்லு அப்பு, எதையெண்டாலும் சொல்லு" என்று கெஞ்சிக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஆனால் அவருடைய மற்றக் கையில் கொப்பி இருந்தது.

ஆகவே, அண்ணை, ஒரு பொய் சொல்லவேண்டும். நீங்கள் சொன்னால்தான் நம்புவார். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஒரு குரல் மெசேஜ் அனுப்புங்கோ. லீக்கில் இனிமேல் ஸ்கோர் எழுதுவதில்லையாம், வென்றவர் தோற்றவர் என்று மட்டும்தான் அறிவிப்பார்களாம் என்று சொல்லுங்கோ. ஏன் என்று கேட்பார். முப்பது மண்டபத்திலும் ஸ்கோர் பலகை பழுது என்று சொல்லவேண்டாம், திருத்த எத்தனை நாள் என்று கேட்பார். ஸ்கோர் தெரிந்தால் தோற்ற ஆட்கள் கவலைப்படுகிறார்களாம், அதனால் விட்டுவிட்டார்களாம் என்று சொல்லுங்கோ. அதைத்தான் தாங்கமாட்டார், ஆனால் அதைத்தான் நம்புவார். நீக்கிலாப்பிள்ளை வென்றுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிவார், கோப்பாய்க்காரர் வந்து தங்கள் மைனஸ் என்னாச்சு என்று கேட்பார்கள், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சரியான கணக்கைப் பொய் சொல்லி நிறுத்துகிறோம் என்று எனக்கும் நெஞ்சு உறுத்துகிறது. என்றாலும் வீட்டில் ஒரு மாதம் அமைதி வேண்டும். பிள்ளை ஒரு சொல் சொன்னால் போதும். எனக்கு 'அம்மா' என்றுகூட வேண்டாம், எதுவாவது சொல்லட்டும்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளைக் குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. நீங்கள் நெடுங்காலம் சுகத்தோடும் நல்ல நித்திரையோடும் இருக்கவேண்டும், விடியவிடிய மட்ச் பார்க்காமல் இருக்கவேண்டும் என்று பிரார்த்திக்கும்,

உங்கள் பாசமுள்ள தங்கை,
சிவகௌரி.

பிற்குறிப்பு: திங்கட்கிழமை காலை பத்தரை. அண்ணை, கடிதத்தை ஒட்டிவிட்டேன், இதற்காகக் கிழித்துத் திறந்தேன். மேலே எழுதியதெல்லாவற்றையும் விட்டுவிடுங்கோ, பொய் ஒன்றும் சொல்லவேண்டாம். இப்போதுதான், பத்து நிமிடமும் இல்லை, மாமா பதினாலாவது அணிக்குச் சத்தமாகக் கூட்டிக்கொண்டிருந்தார். யதுசன் மேசைக்குக் கீழேயிருந்து வந்து, கதிரையைப் பிடித்து எழும்பி, கொப்பியில் விரலை வைத்து, "அப்பப்பா, பிழை" என்றான். இரண்டு சொல். சேர்த்து! மாமாவின் பேனை விழுந்துவிட்டது. குசினியிலிருந்து மாமி ஓடிவந்து, "கேட்டதோ? கேட்டதோ? பிழையாம்! நாப்பது வருசமாய் நான் சொன்னதைப் பிள்ளை ஒரு நாளிலை சொல்லிப்போட்டான்!" என்று மாமாவுக்கு நேரே சொன்னார். மாமா அந்தப் பக்கத்தை மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டார். ஒரு பிழையும் இல்லை. "இருக்கும் பிள்ளை, அவன் சும்மா சொல்லான்" என்று கண்ணைத் துடைத்துத் துடைத்து நாலாம் தரம் கூட்டிக்கொண்டிருக்கிறார். நானும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், ஏழாவது ஆட்டத்தில் எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. வினோஜாவின் மகள் ஐம்பது சொல் சொல்கிறாளாம். சொல்லட்டும். அவள் ஒரு சொல்லோடு இன்னொன்றைச் சேர்த்ததை ஒருவரும் கேட்டதில்லை, பழத்தைப் பலம் என்கிறாள். எங்கள் பிள்ளை எடுத்த எடுப்பில் இரண்டைச் சேர்த்து, 'ழ'வும் சுத்தமாக, முப்பத்தொரு வருட வியாபாரியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். மிஸ்ஸி இதை இரண்டு என்றுதான் எழுதுவா, அவவுக்கு நான் போய் விளங்கப்படுத்துகிறேன். நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான், அண்ணை. ஸ்கோரை இனிமேல் சேர்த்துவைத்து அனுப்பாமல் ஆட்டம் முடிய முடிய அனுப்புங்கோ. பிள்ளை பதினொன்றரைக்கு நித்திரையாகிவிடுவான்.